மிச்சமிருந்த இருபது சொற்கள்

சென்ற ஆண்டு ஒரு குறுங்கதைப் போட்டிக்குக் கதை அனுப்பினேன். போட்டியை நடத்தியவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை. அவர்கள் இல்லையென்றால் இன்னொருவர் இதே விதிகளோடுதான் நடத்தப் போகிறார். என் சண்டை ஆட்களோடு இல்லை, விதிகளோடு. விதிகள் இவை: கதை ஐம்பத்தைந்து சொற்களைத் தாண்டக் கூடாது. சாதி, மதம், அரசியல் சார்ந்த கதைகள் ஏற்கப்பட மாட்டா. யார் மனதையும் புண்படுத்தக் கூடாது. நடுவர் தீர்ப்பே இறுதியானது.

நான் அனுப்பிய கதை இது:

"மழை. கம்பெனி வேன் பால் சொசைட்டி எதிரில் நின்றது. 'இங்கதான்' என்று இறங்கினாள். வேன் திரும்பிப் போகும்வரை சொசைட்டிப் படியில் நின்றாள். சிவப்பு விளக்கு மறைந்ததும் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர். மூன்று வருஷமாக அவள் வீடு பால் சொசைட்டி எதிரில்தான் இருக்கிறது."

எண்ணிப் பாருங்கள். முப்பத்தைந்து சொல். ஐம்பத்தைந்துக்கு இடமிருந்தும் இருபது சொல்லை மிச்சம் வைத்தேன். கதை தேறவில்லை. தேறாதது பெரிய விஷயம் இல்லை. எழுதுகிறவனுக்குத் திரும்பி வருவது பழக்கம்தான். ஆனால் நடுவர் குறிப்பு ஒன்றும் கூடவே வந்தது. கதாநாயகி ஏன் வீட்டுக்கு முன்பே இறங்குகிறாள் என்பதற்குக் காரணம் சொல்லப்படவில்லையாம். மூன்று வருஷமாக ஒருத்தி இப்படிச் செய்வாள் என்பது நம்பும்படியாக இல்லையாம். கடைசியில் திருப்பமும் இல்லையாம்.

உத்திரமேரூர்ப் பக்கத்தில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் நாலைந்து பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் வருவார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் சிலரும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருவார்கள். அங்கே இந்தக் கதையைப் படித்துக் காட்டினேன், நடுவர் குறிப்பைச் சொல்லாமல். படித்து முடித்ததும் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசப்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிம்மா, "இன்னாத்துக்குடா இத்த எழுதின? அந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியுமே" என்றது. ஒரகடம் பக்கம் கம்பெனிக்குப் போகிற பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பு முடிந்து போகும்போது என்னிடம் வந்து, "ஏண்ணா, என்னப் பாத்து எழுதினியா?" என்று கேட்டாள். இல்லைம்மா, நாலு பேரைப் பார்த்து எழுதினேன் என்றேன். "அப்ப நாங்க நாலு பேரும் ஒண்ணாத்தான் பொய் சொல்லிக்கினு கீறோமா" என்றாள். அப்புறம், "ஸ்டாப்பு பேரையாவது மாத்தியிருக்கலாம்ல?" என்றாள். அவள் சொன்னது நியாயம். இங்கே அச்சாகியிருப்பதில் அந்த இடத்தை மாற்றியிருக்கிறேன். சொல் எண்ணிக்கை மாறவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத பெரிம்மாவுக்கு முப்பத்தைந்து சொல் போதுமாக இருந்தது. இலக்கியம் படித்த நடுவருக்குப் போதவில்லை. ஏன்? இந்தக் கேள்வியைத்தான் நான் இந்தப் பக்கங்களில் கேட்க வந்திருக்கிறேன்.

*

குறுங்கதை என்றால் என்ன? ஐம்பத்தைந்து சொற்கதை என்கிற வடிவம் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 'நியூ டைம்ஸ்' என்ற வாரப் பத்திரிகை 1987இல் நடத்திய போட்டியிலிருந்து பிறந்தது. ஸ்டீவ் மாஸ் என்கிற ஆசிரியர் தொடங்கிவைத்தார். தமிழ் வாசகர்களிடம் அதைப் பரவலாகக் கொண்டுவந்தவர் சுஜாதா. அதற்கும் முன்பே நம் வாரப் பத்திரிகைகளில் ஒரு பக்கக் கதை என்ற சரக்கு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. மாமியார் மருமகள், ஆபீஸ் மேனேஜர், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, கடைசி வரியில் ஒரு திருப்பம். இந்தக் கதைகளுக்குப் பக்கம் போதுகிறதே, எப்படி? மிச்சத்தை வாசகன் போட்டுக்கொள்கிறான். 'கூடத்தில் ஊஞ்சல் ஆடியது' என்று எழுதினால் போதும். வீடு, வீட்டின் சாதி, அடுக்களை, தாத்தாவின் பென்ஷன் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அந்தக் கதைகளில் சாதி இல்லை என்று யார் சொன்னது? சொல்லத் தேவையில்லாத அளவுக்கு இருக்கிறது என்பதுதான் உண்மை.

ஆறே சொல்லில் எழுதிய கதை என்று ஒன்றை எல்லா எழுத்துப் பயிற்சி வகுப்பிலும் சொல்வார்கள். கைக்குழந்தையின் செருப்பு விற்பனைக்கு வந்திருக்கிறது, அது ஒருநாளும் போடப்படவில்லை என்பது விஷயம். ஹெமிங்வே பந்தயம் கட்டி எழுதியதாகச் சொல்வார்கள். அவர் எழுதியதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது. அந்த மாதிரி வரி விளம்பரங்களும் அதைப் பற்றிய பேச்சும் அவர் எழுத்தாளர் ஆவதற்கு முன்பே அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அது கிடக்கட்டும். அந்தக் கதையை எங்கள் மாலை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். குழந்தை செத்துப்போச்சு என்று யாரும் சொல்லவில்லை. எட்டாவது படிக்கும் ஒரு பையன் எழுந்து, "ஊர்த் தெருவுல போட்டுக்கினு நடக்க உட்டிருக்க மாட்டாங்கண்ணா, அதான் புச்சாவே கீது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கிழவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தெருவைத் தாண்டிய கால்கள் அவருடையவை.

பையன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்பீர்களா? சொற்கள் அவைதாம். அவற்றுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை அவனவன் தன் வாழ்க்கையால் நிரப்புகிறான். குறுங்கதையில் எழுதியது கொஞ்சம், எழுதாதது அதிகம். எழுதாததை நிரப்புகிறவன் யார் என்பதைப் பொறுத்துத்தான் கதை பிழைக்கும், சாகும். நடுவரும் நீங்களும் ஒரே தெருவில் வளர்ந்திருந்தால் உங்களுக்கு ஐம்பத்தைந்து சொல் தாராளம். நான் சேரியிலிருந்து வந்திருந்தால் ஐந்நூறு சொல் இருந்தாலும் முதல் நானூறு சொல், நான் எங்கே நிற்கிறேன் என்று விளக்குவதிலேயே போய்விடும். அடக்கமாக எழுது, சுருக்கமாக எழுது, சொல்லாமல் சொல்லு என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் இதை யோசித்ததே கிடையாது.

சாதத் ஹசன் மண்டோ 1948இல் 'சியாஹ் ஹாஷியே' என்ற சின்னப் புத்தகம் கொண்டுவந்தார். பிரிவினைக் கலவரத்தைப் பற்றிய துண்டு துண்டான எழுத்து. சில துண்டுகள் இரண்டு மூன்று வரிதான். அந்த இரண்டு வரி எப்படிப் போதுமானது? படித்த ஒவ்வொருத்தரும் அந்தக் கலவரத்தைக் கண்ணால் பார்த்திருந்தார்கள், இல்லை அதிலிருந்து ஓடி வந்திருந்தார்கள். கலவரம் மதத்தின் பேரில் நடந்தது என்பதையும் மண்டோ மறைக்கவில்லை. மதம் வரக் கூடாது என்று ஒரு விதி இருந்திருந்தால் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட மிஞ்சியிருக்காது.

*

போட்டி, விதி, தகுதி, நடுவர் என்றெல்லாம் பேச எங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இந்த நாட்டில் கிடையாது. எங்கள் ஊர் குடவோலைக்குப் பேர்போனது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டி வந்து காட்டுகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரே உத்திரமேரூரைச் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஜனநாயகம், பெருமைப்படுங்கள் என்கிறார்கள்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். கல்வெட்டு ஒரு பாடமாகவே இருந்தது. அந்த விதிகளைப் படியுங்கள். ஊரை முப்பது குடும்பாகப் பிரித்தார்கள். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டார்கள். விவரம் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். எவ்வளவு நேர்மை! கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது, அவனுடைய சொந்தக்காரனும் நிற்க முடியாது. எவ்வளவு கண்டிப்பு! இதெல்லாம் உண்மைதான். இன்றைக்கு உள்ள பல தேர்தல்களைவிட மேல் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் குடத்துக்குள் யாருடைய பேர் போனது? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது. மந்திரப் பிராமணம் கற்றிருக்க வேண்டும். வேதம் ஒன்றும் பாஷ்யம் ஒன்றும் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி நிலம் போதும் என்று சலுகை. சேரக் கூடாதவர்களோடு சேர்ந்து பதிதன் ஆனவன் பிராயச்சித்தம் செய்கிறவரை கிடையாது. ஊரின் பெயரே உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். நாலு வேதக்காரர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். நிலத்தில் இறங்கி உழுதவன் பேர், நாற்று நட்டவள் பேர், வைரமேகத் தடாகத்தில் சேறு வாரியவன் பேர் குடத்துக்குள் போகவே இல்லை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடம் குலுக்கி எடுத்தார்கள். ஏரியில் இறங்கியவனைக் குலுக்கி எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

குடத்துக்குள் கை விடுகிற பிள்ளை களங்கமில்லாதவன்தான். களங்கம் பிள்ளையிடம் இல்லை, குடத்தின் வாயில் இருக்கிறது. இன்றைக்கு நடுவர்கள் பெயரை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் படிக்கிறோம் என்கிறார்கள். பேதம் பார்க்க வாய்ப்பே இல்லை என்கிறார்கள். நம்புகிறேன். அந்தச் சின்னப் பிள்ளையும் பேதம் பார்க்கவில்லை. நீங்கள் பேரை மறைப்பதற்கு முன்பே உங்கள் விதி என் கதையை வெளியே நிறுத்திவிட்டதே, அதைத்தான் கேட்கிறேன்.

கால் வேலி நிலம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதி பழைய செங்கல்பட்டு ஜில்லா. அங்கே கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நிலம் இல்லை, குடியிருக்கிற மனைகூடச் சொந்தம் இல்லை என்று வரிசையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் வேறு சாதிக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டுத்தான் 1994இல் செங்கல்பட்டில் மக்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். கல்வெட்டில் தகுதி என்று எழுதியது நிலத்தை. நிலம் கேட்டவனுக்குக் கிடைத்தது குண்டு. இதை ஐம்பத்தைந்து சொல்லில் எழுத எனக்குத் தெரியும். 'அரசியல் சார்ந்தது' என்று தள்ளவும் அவர்களுக்குத் தெரியும்.

*

இப்போது அந்த விதிக்கு வருகிறேன். சாதி வரக் கூடாது என்று ஏன் போடுகிறார்கள்? நான் விசாரித்தேன். ஒருத்தர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "சாதிப் பெருமை பேசுகிற கதை வந்துவிடும் சார், அப்புறம் சண்டை வரும், எங்களுக்கு ஏன் வம்பு." இந்த பயத்தை நான் கேலி செய்யவில்லை. சாதிப் பெருமை பேசுகிற குப்பையை யாரும் அச்சில் ஏற்ற வேண்டாம். ஆனால் சாதியைப் பெருமையாகச் சொல்வதும் சாதி செய்ததைச் சொல்வதும் ஒன்றா? திருடனும் திருட்டுக் கொடுத்தவனும் ஒரே வார்த்தையைத்தான் போலீஸ் ஸ்டேஷனில் சொல்கிறார்கள். 'திருட்டு' என்ற சொல்லையே தடை செய்தால் லாபம் யாருக்கு?

வம்பு என்று சொன்னாரே, வம்பு யாருக்கு வருகிறது என்றும் பார்ப்போம். புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை.குணா 'ஊரார் வரைந்த ஓவியம்' என்ற சின்னக் கதைப் புத்தகத்தை எழுதினார். 2014இல் அவர் குடும்பத்தையே ஊர்விலக்கம் செய்தார்கள். போட்டி நடத்துகிறவருக்கு வரக்கூடிய வம்பு நாலு போன் கால். எழுதுகிறவனுக்கு வரும் வம்பு வீட்டு வாசலுக்கு வரும். அப்படியும் அவன் எழுதுகிறான். வம்புக்கு பயப்பட வேண்டியவனே பயப்படாதபோது, நாற்காலியில் இருக்கிறவர்களுக்கு என்ன பயம்?

என் கதையில் சாதிப் பெயர் இல்லை. விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் எழுதினேன். மிச்சமிருந்த இருபது சொல்லில் ஒரே ஒரு சொல்லைப் போட்டிருந்தால் நடுவருக்குப் புரிந்திருக்கும். 'காலனி.' அவ்வளவுதான். ஏன் முன்பே இறங்குகிறாள் என்ற கேள்விக்கு அந்த ஒரு சொல் பதில். ஆனால் போட்டிருந்தால் விதியை மீறியதாகத் தள்ளியிருப்பார்கள். போடாததால் புரியவில்லை என்று தள்ளினார்கள். இந்தப் பக்கம் போனால் முள், அந்தப் பக்கம் போனால் கண்ணாடிச் சில்லு. இதற்குப் பெயர் போட்டியா?

'காலனி' என்கிற சொல் சாதாரணச் சொல் இல்லை. இங்கிலீஷ் சொல்தான், பட்டணத்தில் பெரிய பெரிய பங்களாக்காரர்களும் வைத்திருக்கிற சொல்தான். எங்கள் பக்கம் பஸ்ஸில் 'காலனி ஸ்டாப்' என்று கண்டக்டர் கத்தினால் ஏறியிருப்பவர் எல்லோரும் இறங்குகிறவர் முகத்தைப் பார்ப்பார்கள். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்திலேயே சொன்னார்: அந்தச் சொல் வசைச் சொல்லாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று. நல்லது, வரவேற்கிறோம். போர்டில் பெயர் மாறினால் வேனில் இறங்குகிற இடம் மாறுமா என்பதை நாங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று புரிகிறதா? இந்த மாநிலத்தின் சட்டமன்றமே ஒப்புக்கொண்ட சங்கதியை ஒரு குறுங்கதைப் போட்டி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

ஒரே சொல்லில் கதை எழுதுகிற வித்தை புதிதும் இல்லை. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர் ஊராக நிலம் விட்ட கல்வெட்டுகளில் வரி இல்லாத இடங்களின் பட்டியல் வரும். ஊர் நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அந்தக் கல்லில்தான் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எங்களை ஒரு சொல்லில் எழுதி முடித்துச் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதைக் கல்லில் எழுத அனுமதி உண்டு. காகிதத்தில் நாங்கள் எழுத அனுமதி இல்லை.

*

'நம்பும்படியாக இல்லை' என்ற குறிப்பை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு அது பழைய வாக்கியம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து நாற்பத்து நாலு பேரை எரித்தார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கீழ்க் கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் பின்னால் விடுதலை செய்தது. அவ்வளவு நிலமும் காரும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று. அங்கேயும் நடுவர் தீர்ப்பு, அங்கேயும் நம்பும்படியாக இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் எங்கள் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது. இரண்டு வருஷம் கழித்து 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அதே சேரியைச் சேர்ந்த மூன்று பேரைக் குற்றவாளி என்றது. கதையில் கடைசி வரித் திருப்பம் கேட்கிறீர்களே, இதைவிடத் திருப்பம் எங்கே கிடைக்கும்?

ஒரு சின்னக் கதையைத் தள்ளியதற்கு வெண்மணியை இழுக்கிறானே என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். நடுவர் யாரையும் கொளுத்தவில்லை. ஆனால் எது நடக்கக்கூடியது, எது நடக்காதது என்று தீர்மானிக்கிற புத்தி எங்கிருந்து உருவாகிறது? கதை படித்துத்தான் உருவாகிறது. பாடப்புத்தகத்தில், வாரப் பத்திரிகையில், சினிமாவில் எதைப் படித்தும் பார்த்தும் வளர்ந்தார்களோ அதைத்தான் நம்புவார்கள். பால் சொசைட்டி எதிரில் மழையில் நிற்கிற பெண்ணை ஒரு கதையிலாவது பார்த்திருந்தால், நாளைக்கு அவள் ஒரு புகாரோடு வந்து நிற்கும்போது அவளை நம்பச் சிரமம் இருக்காது. அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பேசுகிறேன்.

*

நம்மவர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். போட்டிகளின் வாய் அறிந்து தீனி போடக் கற்றுக்கொண்டுவிட்டோம். எது பரிசு வாங்கும் என்று நமக்கும் தெரிகிறது. அழுகிற கிழவி, அடிபட்ட குழந்தை, கடைசி வரியில் மன்னித்துவிடுகிற நல்ல ஏழை. சாதி என்று சொல்லாமல் 'ஏழ்மை' என்று எழுதினால் கை தட்டுகிறார்கள். ஏழ்மைக்கு இரக்கம் போதும். சாதிக்குக் கணக்குக் கேட்க வேண்டியிருக்கும். தோழர்களே, இரக்கத்தை வாங்கிக்கொண்டு கணக்கை விட்டுக்கொடுக்காதீர்கள். அப்படி எழுதிப் பரிசு வாங்கியவர்களில் நானும் ஒருவன், கல்லூரி நாட்களில். அந்தச் சான்றிதழ் இன்னும் வீட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது, சுருக்கம் என்பது அவர்கள் சொத்து என்று நினைத்து ஒதுங்கவும் வேண்டாம். சுருக்கமாகப் பேச நமக்கா தெரியாது? என் ஆயா நாற்று நடப் போகிறவள். ஒருநாள் வரப்பில் நின்ற ஆள், ஏன்டி இவ்வளவு நேரம் என்று அதட்டினானாம். "பொழுதே எங்க தெருவுக்குக் கடைசியாத்தான் வருது ஆண்டே" என்றாளாம். ஐந்தே சொல், விளியைச் சேர்த்தால் ஆறு. அவன் அடிக்க முடியாதபடிக்கும் மறக்க முடியாதபடிக்கும் சொன்னாள். விடுகதை, பழமொழி, தெம்மாங்கு, ஒப்பாரி, வசவு எல்லாம் நம் தெருவில் குறைந்த மூச்சில் நிறையச் சொல்லப் பழகிய வாய்களிலிருந்து வந்தவை. வேலைக்கு நடுவே பேச வேண்டும், மேஸ்திரி காதில் விழாமல் பேச வேண்டும். சுருக்கம் எங்களுக்கு அலங்காரம் இல்லை, பாதுகாப்பு.

அச்சிலும் அப்படித்தான். செங்கல்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்று பத்திரிகைக்குப் பேர் வைத்தார். விளக்கம் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. மறைத்துக்கொள்ளச் சொன்ன சொல்லையே தலைப்பில் போட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். நாலே பக்கம். விலையே பெயர். அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று எழுதிவைத்ததும் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள்தாம். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகானுக்குப் புறப்பட்ட பிள்ளைகள் ரயில் நிலையத்தில் நிற்கிறார்கள், வண்டிக்காரன் ஏற்ற மறுக்கிறான், இரட்டிப்புக் கூலி கொடுத்துத் தாங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அதில் சாதி வரக் கூடாது என்று விதி போட்டுப் பாருங்கள். வண்டிக்காரன் ஏன் இறங்கி நடந்து வந்தான் என்று நம் நடுவருக்குப் புரியாது. காரணம் சொல்லப்படவில்லை, நம்பும்படியாக இல்லை என்று பாபாசாகேப்புக்கும் குறிப்பு எழுதி அனுப்புவார்.

ஆகவே போட்டி நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'சாதி வரக் கூடாது' என்ற வரியை எடுத்துவிட்டு, 'எந்த மக்களையும் பிறப்பால் இழிவுபடுத்தக் கூடாது' என்று எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரை நடுவராக உட்கார வைக்காதீர்கள். மூன்று நடுவர்களில் ஒருவராவது சேரித் தெருவில் வளர்ந்தவராக இருக்கட்டும். தயவுக்காகச் சொல்லவில்லை. எழுதாமல் விட்டதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். புரியாத கதை வந்தால் உடனே கதையின் மேல் பழியைப் போடாமல், தனக்கு எது தெரியவில்லை என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பரிசுத் தொகை எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. குடத்தின் வாயை அகலப்படுத்துங்கள் என்கிறோம்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்வது: அனுப்புங்கள். ஒதுங்கி நின்றால் அவர்களுக்கு நிம்மதி. ஒவ்வொரு போட்டிக்கும் அனுப்புங்கள், அந்தச் சொல்லைப் போட்டே அனுப்புங்கள். தள்ளினால் தள்ளட்டும். ஏன் தள்ளினோம் என்று அவர்களே எழுதித் தர வேண்டி வரும். அந்தக் குறிப்பு நமக்கு ஓர் ஆவணம்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அந்தப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். "மிச்சம் இருபது சொல்லு கீதுன்னு சொன்னியே, இத்தப் போட்டுக்க" என்றாள். எண்ணிப் பார்த்தேன். சரியாக இருபது.

"மறுநாளும் மழை. 'அண்ணா, இங்க நிறுத்தாதீங்க. நேரா போங்க. எங்க வீடு காலனியில இருக்குது.' வேனில் யாரும் பேசவில்லை. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வேன் போனது."

நிஜத்திலும் சொல்லிட்டியாம்மா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லண்ணா. மொதல்ல கதையில சொல்லிப் பாத்துக்கிறேன்" என்றாள்.

ஐம்பத்தைந்து சொல்லும் இப்போது நிரம்பிவிட்டன. அடுத்த போட்டிக்கு இரண்டு பேர் பெயரையும் போட்டு அனுப்பப் போகிறோம். விதியை மீறித்தான்.